படத்தின் நாலு மூலை

மைசூரில் பெண்கள் கூடும் விசேஷங்களுக்கு வீடியோ எடுக்கிற பெண், எனக்குத் தெரிந்து, அந்த நாளில் நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்திருந்தால் என்னைத் தேடி வந்து சண்டை போடட்டும். காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசுவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த என் அண்ணன் ஒரு வீடியோ கேமராவோடு வந்தான். அவனுக்கு அதில் ஒரு மாதம்தான் ஆசை இருந்தது. எனக்கு இன்றுவரை தீரவில்லை.

ஸ்டூடியோக்காரர்கள் விளக்கும் ஒயருமாக வந்து, “தலையைத் தூக்கும்மா, இந்தப் பக்கம் பாரும்மா” என்று அதட்டுவார்கள். வளைகாப்பிலும் சடங்கிலும் பெண்களுக்கு அது கூச்சமாக இருக்கும். நான் போனால் யாரும் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ள மாட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் படம் எடுத்தாலும் சிரிப்பார்கள். தமிழ் வீடு, கன்னட வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் நான் ‘வீடியோ அக்கா’ ஆனேன். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி நடித்ததும் உண்டு.

எனக்கு இருந்த ஒரே எதிரி, அறை. நாங்கள் போகிற வீடுகளில் பத்துக்குப் பத்து அறை என்றால் அது பெரிய அறை. அதில் ஒரு பீரோ, ஒரு கட்டில், நாற்பது பெண்கள். முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போவேன். அப்படியும் கேமராவில் விழுவது ஒரு கன்னமும் ஒரு கையும்தான். இதற்கு மருந்து வைட் ஆங்கிள் அடாப்டர் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். கேமராவின் லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற கனமான கண்ணாடி. மாட்டினால் அறையே நாலடி பின்னால் போன மாதிரி அகலமாகத் தெரியும். இரண்டு வருஷம் ஆசைப்பட்டு, கடைசியில் என் கணவர் ஃபேக்டரி வேலையாகப் பெங்களூர் போனபோது வாங்கிவரச் செய்தேன். அவர் ஃபிட்டர். வாங்கி வந்ததும் அதன் திருகு வரிகளைக் கையில் உருட்டிப் பார்த்து, “மரை நல்லாத்தான் வெட்டியிருக்கான்” என்றார். லென்ஸைப் பற்றி அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

அதை மாட்டிக்கொண்டு நான் எடுத்த முதல் விசேஷம் காந்தி நகருக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் வளைகாப்பு. ஏழு மாதக் கர்ப்பிணி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துப் பெண். இடம் பார்க்க முதல் நாளே நான் போய்விடுவேன், அது என் வழக்கம். காபி போடுகிற சாக்கில் அந்தப் பெண் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நாளைக்கு எங்கம்மா வர்றாங்க. அப்பா இல்லீங்க. அதனால கிட்ட வர மாட்டாங்க, அந்த ஜன்னல் மூலையிலயே நின்னுக்குவாங்க. நீங்க அவுங்க பக்கம் கேமராவத் திருப்புனா அடுக்களைக்குள்ள போயிருவாங்க. அத்தையும் ஒரு மாதிரியாப் பாப்பாங்க. திருப்பாமயே எங்கம்மாவும் படத்துல வர்ற மாதிரி எடுக்க முடியுங்களா?”

எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் வரிசையாக வந்து வளையல் போடுவார்கள். பெற்றவள் புருஷனை இழந்துவிட்டாள் என்பதற்காக மூலையில் நிற்க வேண்டும். யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இருந்து குடித்தனம் பண்ணப்போகிறவள் நான் இல்லை, அவள். அதனால் கோபத்தை அப்படியே ஜம்பமாக மாற்றிவிட்டேன்.

“கேமராவ அசைக்கவே மாட்டேன். இந்த ரூம்ல இருக்கற பல்லி கூட படத்துல விழும். உங்கம்மா விழ மாட்டாங்களா?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் வாசற்படியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். அந்த அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, வெளிர்நீலப் புடவை. பெண் சொன்ன மாதிரியே ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவிலிருந்த மூலையில் போய் நின்றுகொண்டார். நானும் சொன்ன மாதிரியே கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை. என் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை தீப்பெட்டி அளவுகூட இருக்காது. அதுவும் கறுப்பு வெள்ளை. மூலையில் என்ன தெரிகிறது என்று அதில் சரியாகத் தெரியாது. இருக்கிறார் என்று நம்பிக்கொண்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது ஓரத்தில் கொஞ்சம் புடவைதான் தெரிந்தது. எங்கள் டிவி பழசு, படத்தின் ஓரத்தைத் தின்னும். அவர்கள் வீட்டுப் புது டிவியில் முழுசாகத் தெரிவார் என்று சொல்லிக்கொண்டு கேசட்டைக் கொடுத்துவிட்டேன். யோசித்திருக்க வேண்டும். தலைக்கனம் யோசிக்க விடவில்லை.

நாலாம் நாள் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். போனேன். டிவியில் கேசட் ஓடியது. படத்தின் நாலு மூலையும் கரிப்பிடித்த மாதிரி கறுத்து, உருண்டையாகக் கிடந்தன. நடுவில் எல்லாம் அருமையாக இருந்தது. ஜன்னல் பக்கத்து மூலையின் கறுப்புக்குள்ளிருந்து கொஞ்சம் புடவையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. வளையல் இல்லாத கை.

நான் செய்த முதல் காரியம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழியைத் தூக்கி டிவி மேல் போட்டதுதான். “உங்க டிவியில ஏதோ கோளாறு” என்றேன்.

மாமியார்க்காரி மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பாதி கன்னடம், பாதி தமிழ். “நோடம்மா, டிவி வாங்கி ஒரு மாசம் ஆகலே. மத்த கேசட் போட்டா சென்னாகி, நல்லாத்தான் தெரியுது. நீ எடுத்தா மட்டும் மூலை கறுக்குதா?” என்றார். அவருக்கு இருந்த பயம் வேறு. வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சுற்றிலும் இருட்டு விழுந்தால் நல்லதா என்று பக்கத்து வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண் வாசல்வரை வந்து, “பரவாயில்லீங்கக்கா. தொட்டில் போடறப்ப பாத்துக்கலாம்” என்றாள். பிரசவம் மைசூர் ஆஸ்பத்திரியில், தொட்டில் விழா இதே வீட்டில் என்று முடிவாகியிருந்தது. அம்மா மறுபடி வருவார், மறுபடி அதே மூலையில் நிற்பார். என்னைத் திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருப்பேன். பரவாயில்லை என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

மூன்று மாதம் இருந்தது. அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அந்தச் சந்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று தீர்மானித்தேன்.

எங்கள் டிவியில் கறுப்பே தெரியாது என்பதால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. என் கணவர் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஏதோ ஒரு திருகை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினார். படம் நாலு பக்கமும் சுருங்கி, இத்தனை நாள் எங்களுக்கு மறைத்து வைத்திருந்த ஓரத்தையெல்லாம் காட்டியது. கூடவே நாலு மூலைக் கறுப்பும் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து எங்கள் டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் இளைத்துப் போனார்கள்.

அடுத்து எனக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. எவ்வளவு கறுப்பு, கூடுகிறதா குறைகிறதா என்று கண் மதிப்பில் சொன்னால் ஏமாந்துபோவேன். வெள்ளையடித்த சுவரில் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினேன். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கணக்கு. குறுக்கே எட்டு, மேலிருந்து கீழே ஆறு வரிசை, மொத்தம் நாற்பத்தெட்டு. அதற்கு நேராகக் கேமராவை நிறுத்தி, ஒயரை டிவியில் செருகினேன்.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “சுவத்துக்கு எப்பக் கல்யாணம்?”

“உங்களுக்கு ஆனதே போதும். எண்ணிச் சொல்லுங்க, எத்தன தெரியுது?”

“நாப்பத்தி நாலு. நாலு மூலையிலயும் ஒவ்வொண்ணு அவுட்.”

அடாப்டரே ஓட்டையோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். உள்ளே கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருந்தால் அடாப்டரைத் திருப்பும்போது கறுப்பும் கூடவே சுற்ற வேண்டும். திருப்பினேன். கறுப்பு அசையவில்லை; நாலு மூலையிலும் சமமாக அப்படியே நின்றது. அடாப்டர் மேல் குற்றமில்லை. பெங்களூர்க் கடைக்காரனை நாலு நாளாக மனசுக்குள் திட்டியதற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு ஜூமை உள்ளே தள்ளினேன். கறுப்பு போய்விட்டது. ஒரு நிமிடம் குதித்தேன். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தெட்டில் இருபத்துநாலுதான் இருந்தது. ஓரத்து வரிசை நாலும் காலி. மூலையில் இருப்பவரைத் துரத்திவிட்டு மூலையில் கறுப்பு இல்லை என்று சொல்வதற்கு அடாப்டர் எதற்கு? அந்த வீட்டு வழக்கமே அதைத்தானே செய்துகொண்டிருந்தது. ஜூமைப் பழையபடி வெளியே இழுத்தேன்.

இப்படியே ஒரு வாரம் போனது. ஒரு மத்தியானம் அடாப்டரைக் கழற்றும்போது, டிவி ஓடிக்கொண்டிருந்ததால், தற்செயலாக அதைப் பார்த்தேன். இரண்டு சுற்றுத் தளர்த்தியவுடன் மூலைக் கறுப்பு பெரிதானது. மறுபடி இறுக்கினேன், சிறுத்தது. தளர்த்தினால் பெரிது, இறுக்கினால் சிறிது. அடுப்பில் குழம்பு கொதிப்பதை மறந்து அதையே பத்து தடவை செய்தேன். அப்படியானால் விஷயம் தூரம். அடாப்டர் லென்ஸை விட்டுத் தள்ளி நிற்க நிற்க, அதன் விளிம்பே படத்துக்குள் தலைநீட்டுகிறது. ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு முழுக்கத் தெரியும். இரண்டு அடி பின்னால் வந்தால் சட்டம்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் கறுப்பு முழுக்கப் போய்விடும். ஆனால் இதற்கு மேல் இறுக்க மரை இல்லை. அப்படி என்றால் நடுவில் ஏதோ இருக்கிறது.

கேமராவை மடியில் வைத்து லென்ஸின் வாயை உற்றுப் பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜை அன்று இந்த ஊரில் சந்தனம் பூசாமல் தப்பிக்கிற இரும்பு கிடையாது. பஸ், ஆட்டோ, தையல் மெஷின், தராசு, என் கணவருடைய ஸ்பானர் செட் எல்லாவற்றுக்கும் உண்டு. எனக்குச் சோறு போடுகிற கேமராவுக்கு நான் கஞ்சத்தனம் பார்ப்பேனா? லென்ஸின் விளிம்பைச் சுற்றி விரலால் வழித்து வழித்துப் பூசி, நாலு பக்கமும் குங்குமம் வைத்திருந்தேன். பூஜைச் சந்தனம் என்று அதைத் துடைக்கவும் இல்லை. அது காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் அடாப்டர் வந்தது.

பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரு துளிகூட உள்ளே போகாமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். சந்தனம் கரையக் கரைய அதற்கடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. நான் லென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்ததன் முன்பகுதி லென்ஸே இல்லை. தூசி படாமலிருக்க மேலே திருகி மாட்டுகிற வெறும் கண்ணாடி, ஃபில்டர். அண்ணன் வாங்கும்போதே மாட்டியிருக்கிறான்; சொல்லவில்லை. நான் கோட்டின் மேலேயே சந்தனம் பூசி அதை மறைத்ததோடு, மரையையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். அந்தக் கண்ணாடியின் மேல் அடாப்டர் ஏறி உட்கார்ந்துதான் அரை விரல்கடை தள்ளி நின்றது. அந்த அரை விரல்கடைதான் ஒரு அம்மாவை விழுங்கியிருந்தது.

முதலில் அண்ணனைத் திட்டினேன். பிறகு என்னையும் திட்டிக்கொண்டேன், கொஞ்சம் சுருக்கமாக.

சாயந்திரம் வந்த என் கணவர், “குடு, பிளையர்ல ரெண்டு நிமிஷத்துல கழட்டறேன்” என்றார்.

“பிளையரோட கிட்ட வந்தீங்க, நடக்கறதே வேற.”

பழைய குக்கர் கேஸ்கெட்டை வெட்டி, ரப்பரை ஃபில்டரின் விளிம்பைச் சுற்றிப் பிடிப்பாகக் கட்டினேன். ஈரப் பஞ்சு வைத்த இடம் ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். வழுக்கியது. மறுபடி திருகினேன். நாலாவது தடவை கறுக்கென்று ஒரு சத்தம். சந்தனப்பொடி உதிர்ந்து, கண்ணாடி வளையம் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. மரையில் ஒட்டியிருந்ததைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அடாப்டரை நேராக லென்ஸில் ஏற்றினேன். சுவரைப் பார்க்காமல் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். “நாப்பத்தெட்டு” என்றார். ஒரு மூலையில் மட்டும் லேசாக நிழல் இருப்பதாகச் சொன்னார். ஜூமை ஒரு துளி தொட்டேன். அதுவும் போனது, பொட்டு ஒன்றும் குறையவில்லை.

ஃபேக்டரியில் அவரோடு இருபது பேர் வேலை செய்தார்கள். அடுத்த வாரம் அந்த இருபது பேருக்கும் இந்தக் கதை தெரிந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் சுவரிலிருந்து ஒரு பொட்டைப் பிய்த்து நெற்றியில் வைத்துக்கொண்டு குழம்பு தாளிக்கப் போனேன். அன்றைக்கு இருந்த கர்வத்துக்கு என்னை யாரும் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது.

தை பிறந்ததும் அந்த வீட்டில் பெண்குழந்தை பிறந்தது. தொட்டிலுக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று மாமியார் சொல்லியிருக்கிறார்; வீடியோ அக்காதான் வர வேண்டும் என்று மருமகள் பிடிவாதம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு கூப்பிட்டார்கள். எடுத்தவுடனே அங்கேயே டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். மூலை கறுத்திருந்தால் கேசட் வேண்டாம்.

அதே அறை, அதே வாசற்படி. தொட்டிலுக்குப் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஆட்டிவிட்டுப் பாட்டுப் பாடினார்கள். அந்த அம்மா அதே ஜன்னல் மூலையில் நின்றார். ஒரு தடவை யாரோ கூப்பிட்டபோது, “இருக்கட்டுங் சாமி, இங்கிருந்தே பாத்துக்கறேனுங்” என்று இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். நான் கேமராவை அசைக்கவில்லை. அவர் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

பந்தி போடுவதற்கு முன்னால் ஒயரைச் செருகிப் படத்தை ஓட்டினேன். மாமியார் டிவிக்குக் கிட்டே போய் நின்று, மேல் மூலை இரண்டையும் விரல் வைத்துப் பார்த்தார். கீழே இடது மூலையைப் பார்த்தார். வலது மூலைக்கு வந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“அத்தை, மறைக்குது” என்றாள் மருமகள்.

அவர் நகர்ந்தார். எல்லோரும் பார்த்தோம். நடுவில் பெண்கள் பாடிக்கொண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வலது மூலையில் பளிச்சென்று, புடவையின் கரைகூடத் தெரிகிற மாதிரி, அந்த அம்மா நின்றிருந்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நினைப்பு அவருக்கு. அவருடைய வலது கை இடுப்புக்கு முன்னால் வெறும் காற்றில் போய் வந்துகொண்டிருந்தது. தொட்டில் போகும்போது கை போனது. தொட்டில் வரும்போது கை வந்தது. பாட்டு முடிகிறவரை நிற்கவே இல்லை.

அடுக்களை வாசலிலிருந்து அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தார். “அய்யோ, நானெப்படி அதுல வந்தேனுங்? அழிச்சுப்போடு கண்ணு” என்றார் என்னைப் பார்த்து.

“அழிக்கக் கூடாதுங்கக்கா” என்றாள் மகள்.

மாமியார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்; நானும் பதிலுக்குத் தயாராக இருந்தேன், எனக்கு அந்தக் குணம் உண்டு. தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அவர் திரும்பாமலேயே, கொஞ்சம் கரகரப்பாகச் சொன்னார்: “சம்பந்தி, கூசு அழுதில்ல? வந்து பாப்பாவ ஆட்டுங்க. வீடியோதான் முடிஞ்சுபோச்சே.”

“முடியலீங்கம்மா” என்றேன் நான். “டேப்புல இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நாலு நிமிஷத்தை விடவும் அந்தப் பார்வை நீளமாக இருந்தது எனக்கு. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் படத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

அந்த அம்மா வந்தார். தொட்டிலின் விளிம்பைத் தொடுவதற்கு முன் கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். நான் அடாப்டரைத் திருகிக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவைக் கையில் எடுத்து அவருக்கு ஒரு முழம் கிட்டே போய் நின்றேன். ஒயரை இன்னும் பிடுங்கவில்லை. எடுக்க எடுக்க டிவியிலும் தெரிந்தது. டிவி முழுக்க அவர் முகம்தான் இருந்தது.